மணிக்கு எங்கே இடம்

எங்கள் பக்கம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் நன்றாக விசாரிப்பார்கள். தாய் யார் வீட்டு நாய், மூஞ்சி கருப்பா, நெஞ்சு அகலமா, கடுவனா பெட்டையா, தகப்பன் பன்றி விரட்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். விலை பேசி முடித்து அட்டைப் பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டு வந்து இறக்கிய பிறகுதான், அது ராத்திரி எங்கே படுக்கும் என்ற பேச்சே வரும். அதற்குள் யாராவது ஒருவர் கேட்டுப் பக்கத்தில் சங்கிலியை மாட்டியிருப்பார். பெரும்பாலான நாய்களுக்கு ஆயுசு முழுக்க அதுதான் இடம்.

எங்கள் வீட்டுக்கு மணி வருவதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மார்க்கையன்கோட்டை மாதிரி ஒரு ஊரில், மாமனார், மாமியார், பிள்ளைகள், நெல் மூட்டை, மருந்து டப்பா எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருக்கிற வீட்டில், 'நாய் எதுவரை வரலாம்' என்பது சின்ன விஷயமே இல்லை. அந்தப் பேச்சில் நாங்கள் எங்கெங்கே போனோம், எதை எதற்காக முடிவு செய்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். குட்டி வாங்கப் போகும் யாராவது ஒருவர் படித்தால்கூடப் போதும்.

மணி கோம்பை இனம். உத்தமபாளையத்திலிருந்து பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிக்குப் போகிற சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிற அந்தக் கோம்பை ஊர்தான். செவலை உடம்பு, கருமூஞ்சி, படிந்த ரோமம், கடித்தால் விடாத தாடை. மலைமாட்டுக் கிடைக்கும் தோட்டத்துக்கும் காவலாக, காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்க வளர்த்த சாதி. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் பக்கத்திலிருந்து இராஜபாளையத்துக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரையும் சொன்னார். நாட்டு இனங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவரும் சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் ஆங்கிலத்தில் இந்திய நாய்களுக்கென்று ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். இதையெல்லாம் பார்த்து ஊர்ப் பெருமைக்காகக் குட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் கோம்பை வாங்குகிறவருக்குப் பொமரேனியன் வாங்குகிறவரைவிடப் பொறுப்பு அதிகம். அது இடம் தெரியாமல் வளர்ந்தால் ஆபத்தான நாயாகிவிடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நாய்க்குட்டியின் மனசு திறந்திருக்கிற காலம் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி யாரையெல்லாம் பார்க்கிறதோ, எந்தச் சத்தமெல்லாம் கேட்கிறதோ, அதையெல்லாம் தன் உலகம் என்று ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியது. குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. ஆக, நம் கையில் கிடைப்பது நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தையும் கேட்டடியில் சங்கிலியோடு விட்டுவிட்டு, 'பிள்ளைகளைப் பார்த்துக் குரைக்குது, விருந்தாளியைக் கடிக்க வருது' என்று பிற்பாடு புலம்பினால் அது நாயின் குணம் இல்லை. மிக்சி சத்தம், குக்கர் விசில், அத்தையின் இருமல், பிள்ளைகள் சண்டை எல்லாம் அது வீட்டுக்குள்ளிருந்து கேட்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வீட்டில் முதல் எதிர்ப்பு மாமாவிடமிருந்து வந்தது.

"காவலுக்கு வர்ற நாய உள்ள படுக்க வச்சா காவல் என்னத்தா ஆகும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: "கேட்டுல கட்டிப் போட்ட நாய்க்குத்தான் மாமா வெளிய இருந்து எதையாச்சும் தூக்கிப் போட முடியும். உள்ள படுத்தா அதுக்குக் காது கேக்காமலா போகும்?" விஷம் தடவிய கறியைக் காம்பவுண்டுக்கு மேலே வீசி நாயைக் கொன்றுவிட்டுத் திருட வருவது நாம் கேள்விப்படாததா? கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் நாய்க்கு கேட்டில் கை வைக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்கும். அது உள்ளேயிருந்து குரைத்தால் நாமும் எழுந்துவிடுவோம். மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை.

அத்தைக்கு வேறு கவலை. "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வச்சாலும்னு சும்மாவா சொல்லி வச்சிருக்காங்க? நடையோட நிக்கட்டும். சாமி இருக்குற வீடு, தீட்டு."

தீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன். நம் வீடுகளில் 'எதுவரை வரலாம்' என்ற கேள்வி நாய்க்காக உண்டானது இல்லை. யார் தெருவோடு நிற்க வேண்டும், யார் திண்ணைவரை வரலாம், யார் நடையைத் தாண்டலாம், யாருக்குக் கொல்லை வழி மட்டும் என்று மனிதர்களுக்கு வகுத்து வைத்த வீடுகள் இவை. வயலில் நம்மோடு குனிந்து நாற்று நட்டவர்களைப் பின்வாசலில் நிறுத்திக் கஞ்சி ஊற்றிய வழக்கம் என் பாட்டி காலத்துக் கதை மட்டும் இல்லை. மாதத்தில் மூன்று நாள் நாங்களே ஓரமாகப் படுத்திருக்கிறோம். அந்தக் கணக்கை வைத்து நாய்க்கும் ஒரு எல்லை போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தைப் பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். 'இந்த அறையில் அதன் உயிருக்கு ஆபத்தான பொருள் இருக்கிறது' என்பது காரணம். 'இங்கே கைக்குழந்தை படுத்திருக்கிறது' என்பதும் காரணம். தீட்டு காரணம் இல்லை. அத்தையிடம் இதை இந்த மாதிரியே சொன்னேன். அவர் பைரவரைக் கும்பிடுகிறவர், பைரவருக்கு வாகனமே நாய்தான். கருப்பசாமி கோயிலிலும் சாமிக்குப் பக்கத்தில் நாய்ச் சிலை நிற்கிறது. "சரி, காரணத்தச் சொல்லு, கேக்குறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எங்கள் வீட்டில் உருப்படியான பேச்சு ஆரம்பித்தது.

பழைய வீடாக இருந்தால் பாதி வேலை கட்டினவரே செய்து வைத்திருப்பார். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணை, நடை, பட்டாசாலை, முற்றம், அடுப்படி, கொல்லை, தொழுவம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உயரமான நிலைப்படி. நாய் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்து எட்டிப் பார்க்கும், அதற்கு மேல் வராது. யாரும் அடித்துப் பழக்கியிருக்கமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லோருமே அந்த இடத்தில் நின்று செருப்பைக் கழற்றுகிறார்கள், குரல் கொடுக்கிறார்கள், குனிந்து வருகிறார்கள். நாய் அதைத் தினமும் பார்க்கிறது. எல்லை கண்ணுக்கும் தெரிந்தது, காலுக்கும் தெரிந்தது.

இப்போது கட்டுகிற வீடுகளில் வாசலிலிருந்து அடுப்படி மேடைவரை ஒரே மட்டத்தில் டைல்ஸ். ஹாலும் சாப்பிடும் இடமும் அடுப்படியும் ஒரே பெரிய இடம். இதில் 'இதுவரை வா, அதற்கு மேல் வராதே' என்றால் நாய் எதை வைத்துப் புரிந்துகொள்ளும்? நம் முகத்தை வைத்துத்தான். முகம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. அதனால் நாங்கள் அடுப்படி ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்குக் கடப்பைக் கல் பட்டை ஒன்று பதித்தோம். கொத்தனார் "தட்டி விழப் போறீங்கம்மா" என்றார். ஒருவரும் விழவில்லை. எங்கள் வீட்டில் நாய்க்காகச் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், எந்த இடம் அதனுடையது என்று முடிவு செய்தோம். இந்த வரிசை முக்கியம். பல வீடுகளில் தடைகள் மட்டும் இருக்கும், இடம் இருக்காது. அடுப்படியில் விரட்டுவார்கள், ஹாலில் விரட்டுவார்கள், ரூமில் விரட்டுவார்கள், நாய் வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து அடங்காத நாய் என்று பெயர் வைப்பார்கள். போக ஒரு இடம் இருக்கிற நாயிடம்தான் 'போ' என்று சொல்ல முடியும்.

மணிக்கு நாங்கள் கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம். ஹாலுக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முன்வாசலும் தெரியும், அடுப்படியில் நிற்கிறவர்களும் தெரிவார்கள். காவல் இனத்துக்கு இந்த இரண்டு பார்வையும் வேண்டும். வருகிறவரைப் பார்க்க வேண்டும், தன் ஆட்கள் எங்கே என்று தெரிய வேண்டும். பழைய ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போட்டோம். ஜன்னல் காற்று வருகிற பக்கம் அது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் கசியும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் சாதாரண உடல் சூடே 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிப் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் நாய் வளர்க்கிறவர்களும்தான்.

இதோடு ஒரு விதியை எங்களுக்கே போட்டுக்கொண்டோம். மாடிப்படிக்கடி மணியின் இடம் என்றால், அங்கே நாங்கள் போகக்கூடாது. தூங்கும்போது பிள்ளைகள் போய்க் கட்டிப்பிடிக்கக்கூடாது. அங்கே வைத்து மாத்திரை கொடுக்கக்கூடாது, குளிப்பாட்ட இழுத்துவரக்கூடாது, திட்டக்கூடாது. மணியிடம் வேலை இருந்தால் கூப்பிட வேண்டும், அது வெளியே வர வேண்டும். மகனுக்கு இது கஷ்டமாக இருந்தது. "என் நாய்தானம்மா, நான் ஏன் போகக் கூடாது?" என்று கேட்டான். "உன் ரூமுக்குள்ள அக்கா கேக்காம வந்தா நீ கத்துறதில்லையா?" என்றேன். வீட்டு நாயிடம் பிள்ளைகள் கடி வாங்குவது பெரும்பாலும், அது தூங்கும்போது, தின்னும்போது, மூலையில் ஒதுங்கியிருக்கும்போது போய்த் தொட்டதால்தான் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். எல்லை இரண்டு பக்கமும் மதிக்கப்படும் வீட்டில் அந்த நிலைமை வராது.

இனித் தடைகளுக்கு வருகிறேன். இதில் எங்களுக்கு முதலிடம் அடுப்படியும் இல்லை, சாமி அறையும் இல்லை. பின்னால் இருக்கிற சாமான் அறை. விவசாய வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு அறை இருக்கும். உர மூட்டை, மருந்து டப்பா, ஸ்பிரேயர், சாக்கு, எலிக்கு வைக்கிற மருந்து, எல்லாம் ஒரே இடத்தில். வாழைக்கும் நெல்லுக்கும் போடுகிற குருணை மருந்து பார்ப்பதற்கு மணல் மாதிரி இருக்கும், சிந்தினால் கண்ணுக்குத் தெரியாது. நாய் அதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். எலி மருந்தை நேராகத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை, மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் சில மருந்துகளில் நாய்க்கு அதே கதிதான். அந்த அறைக்குக் கதவு உண்டு, ஆனால் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். இப்போது தாழ்ப்பாள் மேலே மாறியிருக்கிறது, மருந்தெல்லாம் பரணுக்கு ஏறியிருக்கிறது. சொல்லப்போனால் இது மணியைவிடப் பிள்ளைகளுக்காக என்றைக்கோ செய்திருக்க வேண்டிய வேலை. விவசாயக் குடும்பங்களில் இந்த டப்பாக்கள் எத்தனை உயிரை எடுத்திருக்கின்றன என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்ப்பு இருக்கும், சொந்தக்காரர்கள் பெட்டியோடு கொண்டுவந்து ஹாலில் வைப்பார்கள், உதிர்ந்த பழம் கூடையில் கிடக்கும். நமக்கு இவ்வளவு நெருக்கமான இந்தப் பழம் நாய்க்கு விஷம் என்பது இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது. திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே விழுந்துவிடும். இத்தனை பழம்வரை பரவாயில்லை என்று யாரும் அளவு சொல்ல முடியாது. காரணம் வெகுநாளாகப் புரியாமல் இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் தெரியுமா? அதே அமிலம் இருக்கிற வேறு பொருள்களைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டிருந்தது. அதில் ஒன்று புளி.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் அடுப்படியில் புளி இல்லாத நாள் ஏது? கரைத்து எடுத்த சக்கையைக் கொல்லையில் விட்டெறிவதும், மிச்சமான புளிச்சோற்றை நாய்த் தட்டில் கொட்டுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெங்காயமும் பூண்டும் வேறு வகையில் கெடுதல், நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். ஆக, அடுப்படிக்குள் மணி வராது என்பதற்கு அத்தை கேட்ட காரணம் கிடைத்துவிட்டது: கொதிக்கும் எண்ணெய், தரையில் விழும் வெங்காயத் தோல், புளி, திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு. அத்தை இதைக் கேட்ட பிறகு எங்களைவிடக் கறாராகிவிட்டார். "புளி படாத சோறு" என்று மணிக்குத் தனியாகவே வடித்து எடுத்து வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டு வருகிறார். சாப்பாடு கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரே தட்டில், குறிப்பிட்ட நேரத்தில். நாங்கள் சாப்பிடும்போது அது படிக்கடியில் இருக்கும்.

சாமி அறை சீக்கிரம் முடிந்த விஷயம். எரிகிற விளக்கு, எண்ணெய், சூடம். சூடம் நாய்க்கு நஞ்சு. கதவைச் சாத்திவைத்தால் போதும்.

படுக்கையறைதான் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் இழுபறியானது. மெத்தையில் தூங்க வைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2017இல் 40 பேரை வைத்து வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், நாய் அதே அறையில் படுத்தால் மனிதர்களின் தூக்கம் பெரிதாகக் கெடுவதில்லை, அதே படுக்கையில் படுத்தால் கொஞ்சம் குறைகிறது என்று கண்டார்கள். அதை மகளிடம் காட்டினேன். அறைக்குள் தரையில் படுக்கலாம், மெத்தை கிடையாது, அதுவும் இடி மழை ராத்திரியிலும் மார்கழிக் குளிரிலும் மட்டும் என்று முடிவானது. அவள் முழு மனசோடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மெத்தை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உண்ணி. நாய் உண்ணி தோட்டத்துப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது வீட்டுப் பூச்சி. ரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவரில் ஏறும், விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேலே ஏறுவதுதான் அதன் புத்தி, அதனால்தான் தரையை மட்டும் கழுவினால் ஒழிவதில்லை. நாய்க்கு உயிரைக் குடிக்கிற காய்ச்சலும் உண்ணி வழியாகத்தான் வருகிறது. படிக்கடி இடத்தின் சுவரைச் சிமெண்ட் பூசி விரிசல் இல்லாமல் அடைத்தோம். ஜமுக்காளத்தை வாராவாரம் வெந்நீரில் அலசி வெயிலில் போடுகிறோம். தோட்டத்திலிருந்து வந்தால் காதுமடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

தோட்டம் என்றதும் வயலையும் சொல்ல வேண்டும். லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. எங்கள் ஊர் வயல்களும் அந்தத் தண்ணீரில் வாழ்கிறவைதான். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். வயலில் எலி பிடித்துத் திரிகிற நாய்க்கு அது தொற்றினால் அதன் மூத்திரத்திலிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் வரலாம். நாய்க்குப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடா வருடம். வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது, தெருநாயோடு வேலிக்கு இந்தப் பக்கமிருந்து முகர்ந்து பார்க்காத வீட்டு நாய் கிடையாது. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போடாத நாயை எந்த அறைக்குள் விடலாம் என்று யோசிப்பதே வீண் வேலை.

சங்கிலியைப் பற்றி ஒன்று. எங்கள் வீட்டிலும் சங்கிலி இருக்கிறது, ஆட்கள் மூட்டை இறக்க வரும்போது போடுகிறோம், போனதும் கழற்றுகிறோம். ஆனால் ஊரில் நான் பார்க்கிற நாய்களில் பல, காலையில் கட்டினால் மறுநாள் காலைவரை அந்த மூன்று முழத்துக்குள்ளேயே உண்டு, பேண்டு, படுத்து எழுகின்றன. 1960ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கிற நாயை நடமாடவிடாமல் இருப்பதையும் தனியாகக் குறிப்பிட்டுக் குற்றம் என்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாகிறது. கட்டிப் போட்டால் கோபம் ஏறும், காவல் நன்றாக இருக்கும் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாய் காவல் காக்கவில்லை, பயந்துபோய்க் கத்துகிறது. அவிழ்ந்த அன்றைக்கு முதலில் கடிபடுவது தெருவில் போகிற பிள்ளைதான்.

பழக்கினது எப்படி என்று கேட்பார்கள். அடி கிடையாது. கடப்பைக் கல்லுக்கு வெளியே நிற்கும்போதெல்லாம் ஒரு துண்டு அவித்த முட்டை, உள்ளே கால் வைத்தால் ஒன்றும் பேசாமல் கூட்டிப் போய்ப் படிக்கடியில் விடுவது, அவ்வளவுதான். கஷ்டம் நாயைப் பழக்குவதில் இல்லை, ஆட்களைப் பழக்குவதில்தான். பத்து தடவை விரட்டிவிட்டுப் பதினோராவது தடவை யாராவது ஒருவர் "பாவம், வரட்டும்" என்று அடுப்படிக்குள் வைத்து அப்பளம் போட்டால், நாய் அந்தப் பதினோராவது தடவையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு நூறு தடவை விரட்டினாலும் நம்பிக்கையோடு வந்து நிற்கும். அதில் அதன் தப்பு என்ன? அதனால் ஆளுக்கொரு சட்டம் இருக்கக்கூடாது என்று எல்லோரும் உட்கார்ந்து ஒத்துக்கொண்டோம். சொல்கிற வார்த்தையும் ஒன்றுதான்: "எடத்துக்குப் போ." மாமா, அத்தை, பிள்ளைகள், வேலைக்கு வருகிற அக்கா, எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

விதிகளைத் தள்ளி வைக்கிற நாள்களும் உண்டு. தீபாவளிக்கு வெடிச் சத்தம் ஆரம்பித்தால் மணி போகிற இடம் குளியலறை, ஜன்னல் இல்லாத இடம் என்பதால் இருக்கலாம். அன்றைக்கு நாங்கள் வெளியே இழுப்பதில்லை, ஈரத்தைத் துடைத்துச் சாக்கு விரித்துவிட்டுக் கதவைப் பாதி சாத்திவிடுகிறோம், நாங்கள் பின்பக்கத்தில் குளித்துக்கொள்கிறோம். ஆடி மாதத்தில் காற்று கதவு ஜன்னலையெல்லாம் அடித்துச் சாத்தும்போதும் அப்படித்தான்.

இன்னும் முடிவாகாமல் இருப்பது ஒன்று. தை பிறந்ததும் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் இருக்கப் போகிறாள். குழந்தையையும் நாயையும், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், ஆள் இல்லாமல் ஒரே அறையில் விடக்கூடாது என்பதில் பேச்சே இல்லை. குழந்தை படுக்கிற அறைக்கு மணிக்கு அனுமதி கிடையாது. ஆனால் அதற்காக மணியைக் கொல்லைக்கு மாற்ற வேண்டுமா என்று அத்தை கேட்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். அதன் இடத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்துக்குக் குழந்தையின் அழுகைச் சத்தம் வந்தால் இரண்டையும் அது சேர்த்துத்தான் புரிந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, வருவதற்கு முன்னாலேயே குழந்தையின் பழைய துணி ஒன்றை வாங்கிவந்து மணிக்கு முகரக் கொடுக்கலாம், அறை வாசலில் நம் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு மரத்தட்டி போடலாம், அறையில் இருப்பவர்களை மணி வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டும் என்று சொன்னேன். அத்தை நாத்தனாரிடம் போனில் பேசியிருக்கிறார். மாமா தச்சரை வரச் சொல்லி வாசலை அளக்கச் சொல்லிவிட்டார். தட்டியில் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் இப்போது பேச்சு நடக்கிறது. மணியின் மூக்கு நுழையலாம், தலை நுழையக்கூடாது என்பது மாமாவின் கணக்கு. மூக்கே நுழைய வேண்டாம் என்பது அத்தையின் கணக்கு.